பழைய பென்ஸுக்கு 1,080 கோடி! அதைச் செய்த கைக்கு எவ்வளவு?

2022 மே 5-ம் தேதி ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஓர் ஏலம் நடந்தது. நடந்த இடம் மெர்ஸிடிஸ்-பென்ஸ் கம்பெனியின் சொந்த மியூசியம். ஊருக்குத் தண்டோரா இல்லை, விளம்பரம் இல்லை. அழைப்பு அனுப்பப்பட்ட சில சீமான்களும் அவர்களுடைய தரகர்களும் மட்டுமே உள்ளே போனார்கள். ஏலத்துக்கு வந்தது ஒரே ஒரு கார். 1955-ம் வருஷத்தில் செய்தது. 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹாட் கூப்பே என்று பெயர். இந்த ரகத்தில் கம்பெனி செய்ததே இரண்டு கார்கள்தாம். அதில் ஒன்று 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. அன்றைய மாற்று விலையில் நம் பணத்துக்கு ஏறத்தாழ 1,080 கோடி ரூபாய்! அதற்கு முன் எந்தக் காரும் எந்த ஏலத்திலும் இந்த விலையைக் கண்டதில்லை. வாங்கிய கனவான் யார்? தெரியாது. தரகர் கை தூக்கினார். எஜமானரின் பெயர் மட்டும் வெளியே வரவில்லை.

அதே வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போன விவசாயக் கூலிக்கு சர்க்கார் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 281 ரூபாய். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருஷத்தில் 300 நாள் வேலை கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம் (யாருக்குக் கிடைத்தது?). ஒரு காசும் செலவழிக்காமல், சோறும் தின்னாமல் சேர்த்தால், அந்தக் காரை வாங்க ஒரு கூலியாளுக்கு 1 லட்சத்து 28 ஆயிரம் வருஷம் ஆகும். வேறுவிதமாகச் சொன்னால், 3 லட்சத்து 84 ஆயிரம் குடும்பங்களுக்கு நூறு நாள் கூலி முழுவதையும் கொடுத்துத் தீர்க்கக்கூடிய பணம் அது.

"ஜெர்மனியில் எவனோ விற்றான், எவனோ வாங்கினான். அஸ்தினாபுரத்தில் இருக்கிற எங்களுக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்கலாம். வந்தது இருக்கிறது, தோழர்களே! பொழுது விடியுமுன் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் யார்? 2007 முதல் மறைமலை நகர்ப் பக்கம் பி.எம்.டபிள்யூ. கார் பூட்டப்படுகிறது. 2012 முதல் ஒரகடத்தில் டைம்லர் லாரி செய்யப்படுகிறது. அஸ்தினாபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள எம்.ஐ.டி.யில் 1949-லிருந்து மோட்டார் வண்டிப் படிப்பு இருக்கிறது. ஜெர்மன் வண்டியின் போல்ட்டை முறுக்குவது இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கை. அந்த வண்டிக்கு "மதிப்பு" என்று எதைச் சொல்கிறார்கள், அது எங்கேயிருந்து வருகிறது, யாரிடம் போய்ச் சேருகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

விலை எங்கே பிறந்தது?

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்கப் பெரிய புத்தகம் வேண்டியதில்லை. ஒரு கஜம் துணியில் பஞ்சின் விலை இருக்கிறது, தறியின் தேய்மானம் இருக்கிறது, நம் மணிக்கணக்கான உழைப்பு இருக்கிறது. சந்தையில் விலை ஏறும், இறங்கும்; ஆனாலும் அந்த உழைப்பைச் சுற்றித்தான் அது சுழன்றுகொண்டிருக்கும். இந்தப் பழைய காரில் என்ன நடந்தது? அதில் போட்ட உழைப்பு 1955-லேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின் 67 வருஷம் அதைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பாதுகாத்தார்கள், அவ்வளவுதான். டயர் பழசு, இரும்பு பழசு. அப்படியிருக்க 1,080 கோடி எங்கேயிருந்து முளைத்தது?

இந்தக் கேள்வி இங்கிலாந்தின் முதலாளித்துவப் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோவுக்கே எழுந்தது. 1817-ல் வெளியிட்ட தம் நூலின் முதல் அத்தியாயத்திலேயே அபூர்வச் சிலைகள், ஓவியங்கள், கிடைத்தற்கரிய நாணயங்கள் ஆகியவற்றைத் தனியே ஒதுக்கிவைத்தார். இவற்றின் விலைக்கும் இவற்றில் செலவான உழைப்புக்கும் தொடர்பில்லை. வாங்குகிறவர்களின் செல்வமும் ஆசையுமே அதைத் தீர்மானிக்கின்றன என்றார். மார்க்ஸும் "மூலதனம்" மூன்றாம் பாகத்தில் இந்த வகை விலைக்கு வாங்குபவனின் ஆசையையும் பணச் சக்தியையுமே காரணமாகக் காட்டினார். ஆக, 1,080 கோடி என்பது காரைப் பற்றிய சேதி அல்ல. அதை வாங்கியவனின் பணப்பையைப் பற்றிய சேதி! ஜுரம் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறினால் ஜுரம் குழாய்க்கா, உடம்புக்கா? உழைப்பாளியிடமிருந்து பறித்த உபரியைப் போட்டுவைக்க இடமில்லாமல் ஒரு கூட்டம் திண்டாடுகிறது என்பதைத்தான் இந்த ஏல விலை அளந்து காட்டுகிறது.

அவர்களே இதை மறைக்கவில்லை. நைட் ஃபிராங்க் என்ற லண்டன் சொத்துத் தரகுக் கம்பெனி வருஷா வருஷம் கோடீஸ்வரர்களுக்கு ஒரு கணக்கு வெளியிடுகிறது. ஓவியம், கடிகாரம், மது, கைப்பை என்ற வரிசையில் பழைய காரும் உண்டு. 2022 என்ற ஒரே வருஷத்தில் பழைய கார்களின் விலை 25 சதவீதம் ஏறியது என்று அதில் சொன்னார்கள். எந்த ஆலையில், எந்த வயலில் அந்த வருஷம் கூலி 25 சதவீதம் ஏறியது?

அபூர்வம் ஆனது எப்படி?

"இரண்டே கார்கள், அதனால்தான் விலை" என்கிறார்கள். இரண்டோடு ஏன் நின்றது? 1955 ஜூன் 11-ம் தேதி பிரான்ஸில் லெமான் என்ற ஊரில் நடந்த பந்தயத்தில், இதே 300 எஸ்.எல்.ஆர். ரகத்து மெர்ஸிடிஸ் பந்தயக் கார் ஒன்று இன்னொரு வண்டியில் மோதிப் பறந்து, வேடிக்கை பார்த்த ஜனங்களின் நடுவே விழுந்து சிதறியது. 80 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த வருஷக் கடைசியில் கம்பெனி பந்தயத்தையே கைவிட்டது. பந்தயத்துக்கென்று தயாரான கூரை போட்ட இரண்டு கார்கள் பந்தயமே ஓடாமல் கம்பெனிக் கொட்டகையில் நின்றன. தலைமை எஞ்சினியர் ஊலன்ஹாட் ஒன்றைத் தம் போக்குவரத்துக்கு ஓட்டினார். ஓடாமல் நின்றதால் அபூர்வம், அபூர்வத்தால் விலை. 80 உயிரின் மீது ஏறி நின்ற "அபூர்வம்" இது!

இதற்கும் முந்திய கதை இன்னும் கொடியது. 1944-ல் டைம்லர்-பென்ஸ் ஆலைகளில் வேலை செய்தவர்கள் 63,610 பேர். இவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கட்டாய உழைப்பாளிகள், யுத்தக் கைதிகள், சிறைமுகாம் கைதிகள். இது நாம் சொல்வதல்ல. கம்பெனியே தன் வரலாற்றில் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை. ராவன்ஸ்புரூக் சிறைமுகாமிலிருந்து பெண்களை ஓட்டிக்கொண்டுவந்து கென்ஷாகன் ஆலையில் விமான எஞ்சின் செய்ய வைத்தார்கள். இந்த அடிமை உழைப்புக்கு ஜெர்மன் சர்க்காரும் கம்பெனிகளும் சேர்ந்து நஷ்ட ஈட்டு நிதி ஏற்படுத்தியது எப்போது? 2000-ம் ஆண்டில்! 55 வருஷம் கழித்து! பெரும்பாலோர் மண்ணுக்குப் போன பிறகு! உயிரோடிருந்தவர்களுக்கு அதிகபட்சம் 15,000 மார்க். யூரோவில் 7,700 கூட ஆகாது. காருக்கு 13½ கோடி யூரோ. அந்தக் கம்பெனி ஆலைகளில் அடிமையாக நின்ற மனிதனுக்கு 7,700. மனிதன் ஒருவேளை போதிய அளவு அபூர்வமாக இல்லையோ என்னவோ!

ஐந்து மார்க் ஸ்டாம்பு

ஜெர்மன் பழைய கார்களில் நம் ஜனங்கள் எளிதில் அடையாளம் காணும் ஒன்று உண்டு: ஆமை ஓடு போல முதுகு வளைந்த வோக்ஸ்வாகன் பீட்டில். அதன் பெயருக்கே "ஜனங்களின் வண்டி" என்று அர்த்தம். அந்த ஜனங்களை எப்படிக் கொள்ளையடித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

1933 மே 1-ம் தேதி ஹிட்லர் சர்க்கார் தொழிலாளர் தினத்தை ஆடம்பரமாகக் கொண்டாடியது. மறுநாள், மே 2-ம் தேதி, தொழிற்சங்க ஆபீஸ்களில் அடியாட்கள் புகுந்தார்கள். தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். சங்கங்களின் சொத்தும் நிதியும் நாஜிகளின் "தொழிலாளர் முன்னணி" என்ற போலிச் சங்கத்தின் கைக்குப் போயின. தொழிலாளி சந்தாவாகக் கட்டிச் சேர்த்த அந்தச் சொத்திலிருந்துதான் பிற்பாடு வோக்ஸ்வாகன் ஆலைக்கு முதல் போட்டார்கள். 1938-ல் ஹிட்லரே அடிக்கல் நாட்டினான். அதோடு நின்றதா? "வாரம் 5 மார்க் கட்டு, ஸ்டாம்பு வாங்கி அட்டையில் ஒட்டு, 990 மார்க் சேர்ந்தால் கார் உனக்கு" என்று ஆசை காட்டினார்கள். வட்டி கிடையாது. நடுவில் நின்றால் கட்டியது போயிற்று. நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிக்காரன் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்! ஏறத்தாழ 3 லட்சத்து 36 ஆயிரம் பேர் கட்டினார்கள். யுத்தம் வந்தது; ஆலை ராணுவ வண்டி செய்யப் போயிற்று. கட்டியவர்களில் ஒருவனுக்குக்கூடக் கார் கிடைக்கவில்லை. ஆலையிலோ சுமார் 20,000 கட்டாய உழைப்பாளிகள் வதைபட்டார்கள்.

ஏமாந்தவர்கள் யுத்தத்துக்குப் பின் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் இழுபட்டு, 1961-ல் சமரசம் ஏற்பட்டது. முழுப் பணமும் கட்டியவனுக்கு என்ன கிடைத்தது? புதுக் கார் வாங்கினால் 600 மார்க் தள்ளுபடி. வேண்டாமென்றால் கையில் 100 மார்க் ரொக்கம்.

பீட்டில் வண்டி 2003-ல் மெக்ஸிகோவில் நிறுத்தப்படும் வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. ஆசிரியரும் தபால்காரரும் ஓட்டிய வண்டி அது. அதனாலேயே ஏல மேடையில் சாதாரண பீட்டிலுக்கு மரியாதை குறைவு. ஆயிரத்து நானூறே செய்யப்பட்ட, இறக்கை போல மேலே திறக்கும் கதவு வைத்த பென்ஸ் 300 எஸ்.எல். வண்டிக்கு மட்டும் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் கேட்பார்கள். நிறையப் பேருக்குப் பயன்பட்டால் மலிவு. யாருக்கும் பயன்படாமல் பூட்டிவைத்தால் பொக்கிஷம்!

ராஜாவின் மேபாக், நம்முடைய பென்ஸ் லாரி

நம் நாட்டுப் பிரபுக்கள் இதில் சளைத்தவர்களல்ல. 1935-ல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் ஜெர்மனி போனபோது ஹிட்லர் அவருக்கு மேபாக் என்ற ராட்சஸக் கார் ஒன்றைப் பரிசளித்ததாக அந்த வம்சத்தாரே சொல்லிவருகிறார்கள். பிரஜைகளின் நிலவரியில் கொழுத்த சமஸ்தானாதிபதிக்கு, தொழிற்சங்கத்தைக் கொன்ற சர்வாதிகாரி கொடுத்த பரிசு! பொருத்தம்தான்.

ஜனங்களுக்குத் தெரிந்த பென்ஸ் வேறு. 1954-ல் டாட்டா கம்பெனி டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. 1969 வரை மூக்கில் மூன்று முனை நட்சத்திரத்தோடு டாட்டா-பென்ஸ் லாரிகள் நாடெங்கும் ஓடின. ஏலம் போன கார் பிறந்த அதே காலம், அதே கம்பெனியின் நட்சத்திரம். இந்த லாரிகள் நெல் சுமந்தன, கரும்பு சுமந்தன, பஞ்சுப் பொதி சுமந்தன. டிரைவர் அதிலேயே சமைத்துத் தின்று அதன் அடியிலேயே தூங்கினான். நாட்டுக்கு உண்மையில் உபயோகப்பட்ட வண்டி எது என்று கேட்டால் சின்னக் குழந்தையும் சொல்லும். அந்த லாரிகள் கடைசியில் எங்கே போயின? புதுப்பேட்டை போன்ற இடங்களுக்கு! எஞ்சின் வேறு, அச்சு வேறு, தகடு வேறாக வெட்டி, கிலோ கணக்கில். பெரம்பூரில் பி அண்ட் சி ஆலை 1996-ல் மூடிய பிறகு அங்கே மூன்று தலைமுறை ஓட்டிய யந்திரங்களுக்கும் இதே இரும்பு விலைதான்.

கார் வைத்திருந்தால்...

கார் என்பது பணம் மட்டுமல்ல, அந்தஸ்து. அந்தஸ்து மட்டுமல்ல, சாட்சியும்கூட! விவசாயக் கூலித் தோழர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். நெல் கூலியில் கொஞ்சம் கூடுதல் கேட்டதும் செங்கொடியைக் கீழிறக்க மறுத்ததும்தான் குற்றம். கீழ்க் கோர்ட்டு மிராசுதார்களில் சிலரைத் தண்டித்தது. 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. என்ன காரணம்? இவர்கள் பெருநிலம் உள்ள பணக்காரர்கள், முதல் எதிரி கார் வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் வேலையாள் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்று தீர்ப்பில் எழுதினார்கள்! அந்தக் கார் எந்த தேசத்து வண்டி என்பது முக்கியமில்லை. சந்தையில் அதற்கு என்ன விலை இருந்திருந்தாலும், கோர்ட்டில் அதற்கு இருந்த விலையை எந்த ஏலக்காரனும் கேட்டிருக்க முடியாது.

ஏலத்துக்கு வக்காலத்து

"நீங்கள் பொறாமைப்படுகிறீர்கள். அந்தப் பணம் படிப்பு உதவித் தொகைக்குத்தானே போகிறது!" என்று சிலர் வாதாடுகிறார்கள். வாஸ்தவம், ஸ்டுட்கார்ட் ஏலப் பணத்தை மாணவர் உதவி நிதிக்கு ஒதுக்குவதாகக் கம்பெனி அறிவித்தது. நாம் கேட்கிறோம்: பிள்ளைகள் படிக்க வேண்டுமானால் ஒரு கோடீஸ்வரனுக்குப் பழைய கார் மேல் மோகம் பிறக்க வேண்டுமா? அவன் மோகம் தணிந்துவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவதா?

பொறாமை என்பதும் பொய். கைத்திறனைத் தொழிலாளியைவிட அதிகமாக மதிப்பவன் யார்? அந்தக் காரின் தகட்டைச் சுத்தியால் தட்டி வளைத்தவனும், எஞ்சினைக் கடைந்தவனும் நம் வர்க்கத்துக்காரர்கள். அவர்கள் வேலையைப் பார்க்க நமக்கும் ஆசை உண்டு. கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் நடத்தும் கார் மியூசியம் போல, டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் வை. பட்டறைப் பையன் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் மியூசியத்தையும் முழுக்க நம்ப முடியவில்லை. 1965-ல் மெர்ஸிடிஸ் கம்பெனி அமெரிக்காவில் இண்டியானபோலிஸ் பந்தய மியூசியத்துக்கு ஒரு பழைய பந்தயக் காரைச் சும்மா கொடுத்தது. 2025 பிப்ரவரி 1-ம் தேதி அந்த மியூசியம் அதை 5 கோடியே 11 லட்சம் யூரோவுக்கு விற்றுவிட்டது. தானம் வந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டிய கதை!

சர்க்கார் யார் பக்கம்?

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் 50 வயதுக்கு மேற்பட்ட வண்டிகளை "பாரம்பரிய வண்டி" என்று தனி ஜாதியாகப் பிரித்து, தனி நம்பர் பலகை கொடுத்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க வெறும் 5,000 ரூபாய். 1950-க்கு முன் செய்த கார்களைத்தான் தாராளமாக இறக்குமதி செய்யலாம் என்றிருந்த விதியை 2025 தொடக்கத்தில் தளர்த்தி, 50 வருஷம் ஆன எந்த வண்டியும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இனி அறுபதுகளின் பென்ஸும் போர்ஷேயும் வரும்.

நம் பழைய வண்டிக்கு என்ன மரியாதை? 2025 ஆகஸ்டு அறிவிப்பின்படி, 20 வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிளை மறுபதிவு செய்ய 2,000 ரூபாய். மூன்று சக்கர வண்டிக்கு 5,000. சாதாரணக் காருக்கு 10,000. அதாவது ஒரு குடும்பம் கடன் வாங்கி வைத்திருக்கும் 20 வருஷத்து மாருதிக்கு, சீமானின் 60 வருஷத்து பென்ஸைப் புதுப்பிக்க ஆகும் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு! சீமான் வண்டி புகை விட்டால் பாரம்பரியம். நம் வண்டி புகை விட்டால் சுற்றுச்சூழல் குற்றம்.

வரியிலும் இதே கதைதான். செல்வ வரி என்று ஒன்று இருந்தது. 30 லட்சத்துக்கு மேல் சொத்து உள்ளவனிடம் ஒரு சதவீதம். சொந்தக் காரும் அந்தக் கணக்கில் சேரும். 2015 பட்ஜெட்டில் அதை ரத்து செய்தார்கள். 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய ஒரு 1931 மாடல் ஃபோர்டு காரைப் பத்து வருஷத்துக்குள் 21 லட்சத்துக்கு விற்ற ஒருவர், "இது என் சொந்த உபயோகப் பொருள், லாபத்துக்கு வரி கிடையாது" என்று வாதாடினார். சொந்தமாக உபயோகித்ததற்குச் சான்று இல்லை, வரி கட்டத்தான் வேண்டும் என்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025-ல். முப்பது வருஷத்துக்கு மேல் வழக்கு! தீப்பெட்டி வாங்கும் கூலியாள் வரியைக் கடையிலேயே கட்டிவிட்டு வருகிறான். அவனுக்கு வாய்தா கிடையாது.

ஊருக்குப் பெயர் அஸ்தினாபுரம். பாரதத்து அஸ்தினாபுரத்தில் சூதாடிய தருமன் தன் நாட்டையும் தம்பிகளையும் மனைவியையும் பணயம் வைத்தான். இந்தக் காலத்து ஏல மண்டபத்தில் ஆடுகிறவர்கள் தங்களுடையது எதையும் பணயம் வைப்பதில்லை.

செல்வ வரியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பத்து லட்சத்துக்கு மேல் விலைபோகும் பழைய கார் ஒவ்வொன்றும் அதில் சேர வேண்டும். குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் சவாரிக்குக் காத்து நிற்கும் ஆட்டோத் தோழனிடம், பழைய வண்டி என்பதற்காகக் கேட்கும் 5,000 ரூபாயை முதலில் சர்க்கார் ரத்து செய்யட்டும். பாரம்பரியத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.